ஹபீபாவைக் குளிப்பாட்டிய கை

1. வலி இல்லை என்றவர்

“வலி இல்ல மிஸ். கொஞ்சமும் இல்ல” என்றார் ஹபீபா. சொல்லி முடித்ததும் தலையணை மூலையைக் கடித்துக்கொண்டார்.

நான் நேர்ஸ் வேலையிலேயே தலை நரைத்தவள். வலி இல்லை என்று சொல்பவர்களின் கால்விரலைப் பார்ப்பது என் வழக்கம். வாய் பொய் சொல்லும், கால்விரல் சொல்லாது. ஹபீபாவின் கால்விரல்கள் எல்லாம் உள்ளே மடங்கி இறுகிக் கிடந்தன.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பலியேற்றிவ் கெயர் என்பார்கள். மாறாத வருத்தத்தோடு, தீராத நோயோடு இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது, வலியைக் குறைப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கடைசிவரை கூட இருப்பது. டொக்டர் போனில் இருப்பார், வீட்டில் நிற்பது நேர்ஸ்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்க்கப் போவதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. ஆஸ்பத்திரி வானில் போகமாட்டேன். மன்னார்ப் பாலம் தாண்டி என் ஸ்கூட்டியில்தான் முசலிப் பக்கம் போவேன். அதே தெருவில் சீனி வருத்தக்காரர், பிரஷர்க்காரர் நாலு பேரைப் பார்த்துவிட்டு, நடுவில் அந்த வீட்டுக்குள்ளும் நுழைவேன். எந்த வீட்டுக்காக வந்தேன் என்று ஒருவருக்கும் பிடிபடாது.

ஹபீபா எச்.ஐ.வி. கிளினிக்கில் தரும் குளிசையை ஒரு நாளும் தவறவிடாதவர். வைரஸ் அடங்கித்தான் இருந்தது. அவரைக் கொண்டுபோனது கருப்பைக் கழுத்தில் வந்த புற்றுநோய். எச்.ஐ.வி. அவருக்கு எப்படி வந்ததென்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்பது என் வேலையும் இல்லை.

“ஹபீபா, என்னட்டப் பொய் சொல்லாதைங்கோ. ஏன் மறைக்கிறியள்?” என்றேன் கொஞ்சம் கோபமாக.

அவர் தன் நானா ரசீதைப் பார்த்தார். ரசீது கரையில் மீன் வாங்கி விற்கும் வாடி வைத்திருக்கும் மனிதர். தங்கச்சியைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹபீபாவே சொன்னார்.

“வலி கூடிட்டுண்டு சொன்னா ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஏத்துவீங்க. அங்க மவுத்தானா என்ர மையத்தத் தரமாட்டாங்க. கொரோனாவுக்குச் செஞ்ச மாதிரிப் பெட்டியில அடைச்சு எரிச்சுடுவாங்க. குளிப்பாட்டாம, கபன் துணி இல்லாம நான் போக ஏலாது மிஸ்.”

கொரோனாக் காலத்தில் இலங்கையில் முஸ்லிம் சனங்களின் மையத்துகளை, இறந்த உடல்களை, அரசாங்கம் கட்டாயமாக எரித்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அந்தப் பயத்தை இந்த மனுசி தன் வருத்தத்தோடும் சேர்த்து முடிந்துவைத்திருந்தார். இத்தனை வாரமாக மருந்துக்கு அடங்கக்கூடிய வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கியிருக்கிறார். மண்ணுக்குள் போகும் முன் உடம்பில் தண்ணீர் பட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக!

“இந்த வருத்தத்துக்கு அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. குளிப்பாட்டலாம், கபன் இடலாம், அடக்கலாம். உங்களை நான் ஒரு இடமும் ஏத்தமாட்டன். இஞ்சையே வச்சு வலியைக் குறைக்கிறன்” என்றேன்.

டொக்டரோடு கதைத்து மோர்பின் சிரப் தொடங்கினோம். இதை வாசிக்கும் புது நேர்ஸ் பிள்ளைகளே, மோர்பினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் வலிக்குப் பதில் வயிறு கொல்லும். அடுத்த தரம் விசிற் போனபோது ஹபீபா சாய்ந்திருந்து மீன் ஆணத்தோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால்விரல்கள் நேராக இருந்தன.

2. ஊர் ரேடியோ

வலி இறங்கியதும் அடுத்த பயம் மேலே வந்தது. “குளிப்பாட்ட யாரு வருவாங்க மிஸ்? கையில உறை போட்டா ஊருக்கு விளங்கிடும். போடாட்டி அவங்களுக்கு ஆபத்து வந்துடுமோ?”

அந்த ஊரில் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டுவது சுபைதாவின் தலைமையில்தான். சுபைதா காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். அவருக்கு ஊரில் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். யார் யாரோடு கோபம், யார் வீட்டில் யார் ஒளித்திருக்கிறார், எல்லாம் இடியப்பத்தோடு சேர்ந்து வீடு வீடாகப் போகும். நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் என் மகள் புருசனோடு சண்டை பிடித்த கதையை என்னிடமே சொன்ன மனுசி அவர்!

நான் ஒரு வேலை செய்தேன். ஹபீபாவின் பேரை எடுக்காமல், பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தேன். யாருடைய உடம்பு என்றாலும், எந்த வருத்தத்தில் போனவர் என்றாலும், இரத்தமும் புண்ணிலிருந்து வடியும் ஊனமும் பட்டால் கவனம் வேண்டும், ரப்பர் கையுறை போடுவது நல்லது, கழுவி ஊற்றும் இடத்துக்குக் குளோறின் தண்ணீர் விட வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன்.

சுபைதா சிரித்தார். “மிஸ், நாங்க கண்ட இடத்திலயும் வெறுங்கையால தொடுறண்டா நினைச்சீங்க? அவ்ரத்துப் பக்கம், மறைக்க வேண்டிய இடத்துக்கு, கையில சீலைப் பை போட்டுத்தான் போவோம். அது எங்கட மார்க்கத்தில உள்ளது.”

மடியிலிருந்து ஒரு வெள்ளைச் சீலைப் பையை எடுத்து, கையை உள்ளே விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை வந்தது.

நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். உள்ளே ரப்பர், மேலே சீலை. யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது! “அப்ப, ரப்பரைப் போட்டு மேல இதைப் போடலாமே?” என்றேன்.

“போடலாந்தான். சாமான் நீங்க தந்தா எல்லா மையத்துக்கும் போடுறோம்” என்றார் சுபைதா.

அன்று பாலத்தில் கடல் காற்று முகத்தில் அடிக்க, வாயில் வந்த மாதா பாட்டைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

3. ஹபீபாவின் பிடிவாதம்

ஹபீபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏலாது மிஸ்” என்றார்.

“என்ன ஏலாது?”

“சொல்லாமக் குளிப்பாட்ட வைக்கிறது. பயமில்லண்டு நீங்க சொல்றீங்க, சரி. ஆனா தொடுறவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். என்னத் தூக்கித் திருப்பி, தலைக்குத் தண்ணி ஊத்தப் போறவள ஏமாத்திப்போட்டு நான் எந்த முகத்தோட என்ர றப்பு அல்லாஹ்வுக்கு முன்னால நிப்பன்?”

ரசீது பதறிப்போனார். “சுபைதாட்டயா? அவட வாயில பூட்டுப் போட ஆளில்ல! என்ர மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறாங்க புள்ள. இது வெளியில போனா ஆரு வாசல் மிதிப்பாங்க? மிஸ், நீங்களாவது சொல்லுங்க.”

நானும் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, தொட்டால் தொற்றாது, கையுறையும் இருக்கிறது என்று. பிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்த இரகசியம் அவருடையது. பூட்டி வைப்பதும் திறப்பதும் அவர் இஷ்டம். ஆனாலும் பயந்தேன். அந்தப் பெட்டைப் பிள்ளையின் கலியாணம் ரேடியோவின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹபீபா ஆள் அனுப்பிக் கூப்பிட, அசர்த் தொழுகைக்குப் பிறகு சுபைதா வந்தார். வரும்போதே மூன்று வீட்டுப் புதினக் கதைகளோடுதான் வந்தார். ஹபீபா அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

“ராத்தா, நான் மவுத்தானா நீங்கதான் குளிப்பாட்டணும். அதுக்கு முன்னால ஒண்டு சொல்லணும். எனக்குப் புற்றுநோய் மட்டும் இல்ல. எய்ட்ஸ் கிருமியும் இரிக்கி. தெரிஞ்சுகொண்டு வாறதெண்டா வாங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, நான் குறையா நினைக்கமாட்டன்.”

ரசீது வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

சுபைதா என் பக்கம் திரும்பினார். “மிஸ், அந்தக் கிருமி உள்ள ஆளுக்குத் தண்ணிய வெதுவெதுப்பா எடுக்கலாமா? சின்னதில இருந்தே இவளுக்குக் குளிர் ஆகாது.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. “எடுக்கலாம்” என்றேன்.

அவர் போகும்போது வாசல் படலைவரை கூடப் போனேன். மனம் கேட்கவில்லை. “சுபைதா, இந்தக் கதை...” என்று இழுத்தேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மிஸ், உசிரோட நடந்து திரியிறவங்களப் பத்தித்தான் நான் கதைக்கிற. அவங்க திருப்பி ஏசுவாங்க, கணக்குச் சரியாப் போகும். மையத்துல கண்டத வெளிய சொல்லக்கூடா. இந்தக் கையால எத்தின பேரக் குளிப்பாட்டியிருக்கன். ஆருட உடம்புல என்ன கண்டன்டு ஒரு சொல்லு எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?”

நினைத்துப் பார்த்தேன். இல்லை. ஒரு சொல்லும் இல்லை.

“ஹபீபா சொன்னது ரேடியோக்கு இல்ல. குளிப்பாட்ட வாறவளுக்கு” என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுப் போனார். அந்த மனுசியை அத்தனை வருடமாகப் பார்த்தும் நான் பார்க்கவேயில்லை என்று விளங்கியது.

4. வெள்ளிக்கிழமை

ஹபீபா ஒரு வெள்ளிக்கிழமை காலை, வலியில்லாமல், நானாவின் கையைப் பிடித்தபடி மவுத்தானார். நான் போனபோது முற்றத்தில் சீலை கட்டி மறைத்திருந்தது. அடுப்பில் தண்ணீர் சுடவைத்திருந்தார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண்; மறைப்புக்கு வெளியேதான் நின்றேன். தண்ணீர் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி விழும் சத்தம் கேட்டது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது விழும் சத்தம்தான் அது.

கபன் இட்ட பிறகு முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சுபைதா கையுறைகளைக் கழற்றிக் கையைக் கழுவி வந்திருந்தார். வெறும் விரலில் அத்தரைத் தொட்டு, ஹபீபாவின் நெற்றியில் மெல்லத் தடவினார். தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, “இது பயமில்லத்தானே மிஸ்?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெரிய கைகளைக் கண்டிருக்கிறேன். அந்த விரலுக்கு முன்னால் எனக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மையத்து வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிப் போனார்கள். தோள் கொடுக்க ஆண்கள் நெருக்குப்பட்டார்கள். பெட்டியில் அடைத்து எரித்துவிடுவார்கள் என்று பயந்த மனுசி ஊரின் தோளில்தான் போனார்.

மையத்து போனதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சுபைதாவை ஒட்டிக்கொண்டு, “ராத்தா, உண்மையில என்ன வருத்தம்? உடம்பு எப்பிடி இருந்திச்சி?” என்று கிசுகிசுத்தார். ரசீதின் மூத்த மகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

“உடம்பு பூப்போல இருந்திச்சி. அது சரி, உன்ர மருமகன் எங்க? ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் காணல்ல, மையத்துக்கும் காணல்ல. என்ன சங்கதி?” என்றார் சுபைதா, முற்றம் முழுக்கக் கேட்கிற குரலில்.

அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்பால் போய்விட்டார். நோன்புப் பெருநாள் கழிந்து ரசீதின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. நானும் புரியாணி சாப்பிட்டேன்.

புது நேர்ஸ்மார் கேட்பார்கள், இந்த வேலையில் எதைப் படிக்க வேண்டும் மிஸ் என்று. மருந்தின் அளவைப் படியுங்கள், கட்டாயம். ஆனால் முதல் விசிற்றிலேயே, “மவுத்துக்குப் பிறகு உங்களுக்கு என்ன பயம்?” என்று கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் ஹபீபா தலையணையைக் கடித்திருக்கமாட்டார். பிறகு, அந்த ஊரில் குளிப்பாட்டுகிறவர் யார் என்று விசாரித்து, போய்ச் சலாம் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் விட்ட இடத்திலிருந்து ஆளைக் கையில் வாங்குவது அவர்தான்.