கோழிக் கூப்பனுக்குப் பால்மாக் கூப்பன்

கூப்பன் மாற்றுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர், இன்னும் பருப்பை முழு விலைக்கு வாங்குகிறவராக இருப்பார். எனக்கு ஆட்டோ ஓட்டுவது வயிற்றுக்கு, கூப்பன் மாற்றுவது மானத்துக்கு. கண்டிப் பக்கம் குண்டசாலையில் ஒரு சுப்பர் மார்க்கட்டுக்கு எதிரேதான் ஆட்டோவை நிறுத்துகிறேன். அங்கே சாமான் வாங்கினால் பில்லின் அடியில் ஒரு கூப்பன் வரும். அடுத்த வாரம் இன்ன சாமான் எடுத்தால் இவ்வளவு குறைப்போம் என்று அதில் இருக்கும். நமக்கு வேண்டிய சாமானுக்கு அது ஒருநாளும் வராது. தலையில் முடியில்லாத எனக்கு ஷாம்பு கூப்பன் நான்கு தடவை வந்திருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த பக்கெட்டைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தவர்கள்தானே நாம் எல்லோரும். உங்களுக்குப் புரியும்.

தம்பியின் சத்தம்

மானம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் மகளின் கல்யாணத்துக்கு, நாவலப்பிட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் தம்பி தங்கராஜ் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அனுப்பினான். நான் கேட்கவில்லை. பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தபோது, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கூச்சப்படாம சாப்பிடுங்க, எல்லாம் நம்ம கடைச் சாமான்தான்" என்றான். பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் கடையில் ஒரு பிடி கொத்தமல்லிகூட வாங்கியதில்லை.

போன வருஷம் என் மனைவி சரசுவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. மாதம் ஒரு டின் சத்துப் பால்மா குடிக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். அந்த விலையைக் கேட்டால் நோயாளி தானாக எழுந்து நடந்துவிடுவார். கூப்பன் இருந்தால்தான் அது என் கைக்கு எட்டும். இல்லாத மாதம் தம்பியிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன். சரசு மாதா மாதம் சொல்வதும் ஒன்றுதான்: "தம்பிக்கு ஒரு போன் கோல் குடுத்தா பஸ்ல போட்டு விடுவாரு. நீங்க என்னடான்னா ஊர்ல உள்ள துண்டெல்லாம் பொறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

வெள்ளிக்கிழமைக் கோழி

காசுக்கு நான் கூப்பன் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. துண்டுக்குத் துண்டு. முதலில் கண்டுபிடித்தது கோழியைத்தான். கோழிக் கூப்பன் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக்கு வரும். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் வீட்டில் மரக்கறி. அதனால் பக்கத்து வீடுகளில் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆறு வீட்டுக்குச் சொல்லி வைத்தேன், கிழிக்காமல் எனக்குத் தாருங்கள் என்று.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஃபளீல் நானாவுக்கு வெள்ளிக்கிழமைதான் நல்ல சாப்பாட்டு நாள். அவருக்குச் சத்துப் பால்மாக் கூப்பன் வரும். அவர் வீட்டில் யாரும் அதைக் குடிப்பதில்லை. இரண்டு கோழிக்கு ஒரு பால்மா என்று பேசி முடித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கட விரதத்தால எங்கட ஊட்டுல கோழி மணக்குது, அண்ணன். ஒரு நாளும் உட்டுடாதீங்க."

ஒரே ஒரு ஹோர்ன்

கிருபா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். பேங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார் வைத்திருக்கிறார், நாய் வைத்திருக்கிறார். அவருக்கு நாய்ச் சாப்பாட்டுக் கூப்பன் வேண்டும். நான் எங்கிருந்தாவது தேடிக் கொடுப்பேன். மற்றவர்களிடம் அதற்கு ஒரு கூப்பன்தான் வாங்குவேன், மிஸ்ஸிடம் மட்டும் இரண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் பயணி ஒருவரின் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று ஹோர்ன் அடித்தவர் அவர். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் இரட்டை விலைக்குக் காரணம் கேட்டார். நான் மறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு கூப்பனை நீட்டினார். "ஒரு ஹோர்ன் தானே அடிச்சனான். கோர்ட்டில எண்டாலும் இதுக்குள்ள விட்டிருப்பாங்கள்."

மூடிவைத்த இறைச்சிப் பெட்டி

என் தொழிலில் ஒரே ஒரு பிழைதான் விட்டிருக்கிறேன். போன மாதம் கையில் ஒரே ஒரு பால்மாக் கூப்பன் இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து டின்னை எடுத்திருக்கலாம். ஆசை விடவில்லை. புதிதாக ஸ்டாண்டுக்கு வந்த ஒருவர் அதற்கு நான்கு கோழிக் கூப்பன் தருவதாகச் சொன்னார். நான்கு கோழியென்றால் ஃபளீல் நானாவிடம் இரண்டு பால்மா. உடனே மாற்றினேன். நானாவும் இரண்டைத் தந்துவிட்டு, மறுநாள் காலையில் கோழி வாங்கப் போனார். வெறும் பையோடு திரும்பி வந்தார்.

அந்த நான்கும் அந்த ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் கூப்பன். அந்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவில் இறைச்சி விற்கக் கூடாது, பெட்டியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன், கலண்டரைப் பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை, உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். கெஷியரில் இருந்த பிள்ளை ஹட்டன் பக்கம். நான் கத்தி முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கூப்பன்களைத் திருப்பித் தந்தது. "அங்கிள், கூப்பன்ல ஒரு பிழையும் இல்ல. நெலாவுலதான் பிழை. அதுக்கு எங்க மெனேஜரால ஒண்ணும் செய்யேலாது."

டின்னின் அடி

ஃபளீல் நானாவின் இரண்டு பால்மாக் கூப்பனையும் அன்றே திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மாற்று என்றால் மாற்று, பதிலுக்குக் கொடுக்க என்னிடம் வேறு கோழிக் கூப்பன் இல்லை. வீட்டில் டின்னின் அடியில் கரண்டி கரகரவென்று சத்தம் போட்டது. சரசு பாலைத் தண்ணீராகக் கலந்து குடித்தாள். திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் கண்டி டவுன் வரைக்கும் விசாரித்தேன். வேறு ஒருவரிடமும் பால்மாக் கூப்பன் இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஒரு நரைத்த ஆள் இறங்கி நேரே என் ஆட்டோவுக்கு வந்தான். தங்கராஜ். அவன் ஊரிலும் இதே சுப்பர் மார்க்கட்டின் கிளை வந்து, தன் கடையை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது அவனும் அந்தக் கிளையில்தான் சாமான் வாங்குகிறானாம். பையிலிருந்து இரண்டு பால்மாக் கூப்பனை எடுத்து நீட்டினான். அவனுக்குக் கோல் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

"சும்மா வேணாம்" என்றேன்.

"சும்மா தர்றேன்னு யாரு சொன்னா? பேரனுக்குப் பெம்பர்ஸ் கூப்பன் வேணும். வச்சிருக்கியா?"

இருந்தது, நான்கு. நான்கையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கு நான்கு, மிச்சத்துக்கு அவன்தான் எனக்குக் கடமைப்பட்டிருக்கட்டும். அவன் எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குண்ணே. அண்ணி கையால ஒரு பிளேன்டீ குடிக்க எந்தக் கூப்பன் வேணும், அதையும் சொல்லிப்புடு."

இத்தனை வருஷத் துண்டு மாற்றலில் நான் கண்டது, நமக்கு வேண்டிய கூப்பன் நமக்கு வேண்டாத ஆளிடம்தான் இருக்கும், ஆனாலும் அவரை வீட்டுக்கு ஏற்றிப் போகும்போது மீட்டரைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான்.