தேசப்பன் கப்பலேறப் போனது

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் இருந்த காலம். அங்கே ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைத்தவன் தேசப்பன். சுண்ணாம்புக்குளத்துக் கோபாலின் மூத்த மகள் குப்பம்மாள் அவன் பெண்சாதி. வேற்று ஆளில்லை, அவளுக்கு அவன் சொந்த அத்தை மகன்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். வேலை முடிகிறவரை வாய் திறக்க வழியில்லை. கரையேறிக் கயிற்றை விட்டதும் தேசப்பன் ஆரம்பித்துவிடுவான். சேறு அரிக்கிறது, குளிர் எலும்பில் இறங்குகிறது என்பான். பக்கத்திலேயே அதே சேற்றைத் துழாவிய குப்பம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே காதுகொடுத்துக் கேட்பாள்.

ஏரியை விட்டுக் கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கப் போனான். ஒரு அமாவாசை வரைக்கும் சிரித்த முகம். அடுத்த அமாவாசைக்குள் தோள் வலி, கிணறு தூரம். பிறகு இருவருமாகக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு மாசம் சிரிப்பு, அப்புறம் புகையைத் திட்டினான். குப்பம்மாளுக்குச் சேறும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். வேலை முடிந்தால் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்காருவாள்.

அப்போதுதான் கடல் தாண்டிச் சாவகத் தீவுக்குப் போகும் கப்பலுக்கு ஆள் சேர்க்க உலகநாதன் வந்தான். தேசப்பன் பேர் கொடுத்துவிட்டான். போனவர்களில் திரும்பியவர் குறைவு. குப்பம்மாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாத்தனார் ரங்கம்மாளிடம் போய் நின்றாள்.

"உன் தம்பிக்கு நீயாவது சொல்லு அண்ணி."

"இன்னா சொல்றது? தாய்ப்பால் சுடுதுனு அழுத புள்ள அவன். சாவகத்துலயும் எதுனா சுடும்."

கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு வந்த அன்று தேசப்பன் மூட்டையோடு கரையில் நின்றான்.

"தடுக்காத புள்ள. அங்க வேலை சொகம்னு சொல்றாங்க."

"நான் எங்க தடுத்தேன்? போய்யா. மொத மாசம் சிரிப்ப. ரெண்டாம் மாசம் யார்கிட்ட சொல்லுவ? ஒல்லாந்தன் குந்திகினு கேப்பானா?"

தேசப்பன் உலகநாதன் பக்கம் திரும்பினான். "அங்க நம்ம பேச்சு தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"வேலைக்குப் போறியா, பேசப் போறியா?"

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தேசப்பன் மூட்டையை வலத் தோளிலிருந்து இடத் தோளுக்கு மாற்றினான். பிறகு மணலில் இறக்கிவைத்தான். படகு அவனை விட்டுவிட்டுப் போயிற்று.

திரும்ப ஏரிக்கே வந்தான். ஒரு மாசம் சந்தோஷமாக இறால் பிடித்தான். இரண்டாம் மாசம் கரையேறியதும், "கப்பலேறியிருந்தா இந்தச் சேறு உண்டா?" என்றான். "இல்லதான்யா" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மாள் குடிசைப் பக்கம் நடந்தாள். அவன் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே பின்னால் போனான்.