அப்பச்சோடா என்ன செய்தது?

குண்டசாலையில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியின் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பது நான்தான். தண்ணீரில் அமிலம் கூடினால் குசினியில் சமையலுக்கு வைத்திருக்கும் அப்பச்சோடா, காரம் கூடினால் அங்கேயே இருக்கும் புளிப்பு வினாகிரி, கிருமிக்கு வாசனையில்லாத பிளீச்.

ஒருநாள் அடியில் பிளீச் மிச்சமிருந்த வாளியிலேயே வினாகிரியை ஊற்றிவிட்டேன். இரண்டும் கலந்து குப்பென்று நச்சு நெடி கிளம்பியது. கண் எரிந்து, மூச்சு அடைத்தது. வாளியைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

இருமல் அடங்குமுன்பே கணவர் தொடங்கிவிட்டார். "உமக்கென்ன விசரே? இனிக் குசினிச் சாமான் ஒண்டும் தடாகத்துக்குப் போடவேண்டாம்!"

"வாளியைக் கழுவாதது என்ர பிழை. அப்பச்சோடா என்னப்பா செய்தது?" என்றேன்.

அவற்றைப் போடுவதை நான் நிறுத்தவில்லை. பிளீச்சுக்குச் சிவப்பு வாளி, வினாகிரிக்கு நீல வாளி. இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை. சோதனைத்தாளில் தண்ணீர் சரியென்று கண்டதும் முதலில் குதிப்பது நான். இரண்டாவதாகக் குதிப்பவர், போடவேண்டாம் என்று கத்திய அதே மனிதர்.