கறுப்பு முடிச்சுக்குள் ஒரு கேமரா

பெரியகுளத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அப்பா எனக்கென்று விட்டுப்போனது ஒரு மாந்தோப்பும் அதிலுள்ள கிணறும். ஆண் வாரிசு இல்லாத வீட்டுச் சொத்து என்றால் பங்காளிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். பக்கத்துத் தோப்பே பங்காளியுடையது என்றால் கேட்கவே வேண்டாம். அவர் என் பெரியப்பா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். முறையை நான் விட்டதில்லை.

இரண்டு தோப்புக்கும் நடுவே, என் கிணற்றை ஒட்டினாற்போல, ஓர் எல்லைக்கல். அப்பா போன மறு வருடமே அந்தக் கல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. நான் தேனியில் பள்ளிக்கூட டீச்சர், குடியிருப்பு பழனிசெட்டிபட்டியில். வாரக் கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனால், கல் ஒரு சாண் கிணற்றுப் பக்கம் வந்திருக்கும். மண்ணை நன்றாக மிதித்து, மேலே சருகெல்லாம் பரப்பி, என்ன ஓர் அக்கறை! நான் மனுப் போட்டு, சர்வேயரை வரவழைத்து, அளந்து, பழைய இடத்தில் நட்டுவிட்டு வருவேன். அடுத்த காய்ப்புக்குள் கல் மறுபடியும் கிளம்பிவிடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அண்ணன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சாணுக்கா இந்தப் பாடு? விட்டுத் தொலையேன்" என்பார் என் கணவர். சண்டை என்றாலே அவருக்கு ஆகாது.

"இன்னைக்கு ஒரு சாண். நாளைக்கு மோட்டார் ரூமு. அதுக்கு மறுநாள் கெணறு. கெணறு போனா அப்பா வச்ச மரத்துக்கெல்லாம் நீங்களா கொடத்துல தண்ணி தூக்கி ஊத்துவீக?" என்று கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். கோட்டயத்துக்காரி. மலைமேல் காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கும் படிப்பு. மரத்தில் கட்டி வைத்தால், எதிரே எது அசைந்தாலும் தானாகவே படம் பிடிக்கும் கேமராப் பெட்டிகள் வைத்திருந்தாள். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பழையது இரண்டை என் கையில் கொடுத்தாள். "தோட்டத்தில் பன்னி வருது என்று சொன்னீங்கள்ல சேச்சி, வச்சுக்கோங்க" என்றாள். பன்றிதான், ஆனால் எந்தப் பன்றி என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

முதல் பெட்டியை எல்லைக்கல்லுக்கு எதிரே இருந்த மாமரத்தில், சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டிக் கட்டினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. மறுவாரம் போய்ப் பார்த்தால் பூட்டு கிடக்கிறது, சங்கிலி கிடக்கிறது, பெட்டியைக் காணோம். கட்டியிருந்த கிளையையே அரிவாளால் வெட்டி, சங்கிலியை உருவிப் போட்டிருந்தார்கள். திருடியவனின் முகம் அதற்குள் பதிவாகியிருக்கும். என்ன பிரயோசனம்? படம் திருடனிடமே போய்விட்டது. அன்று அந்த மரத்தடியில் நின்று நான் பேசிய வார்த்தைகளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

அந்த மாதமே அண்ணன் ஊர்க்கூட்டம் கூட்டினார். ஓநாய் போய் ஆட்டின் மேல் புகார் கொடுத்த கதைதான். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார்.

"கல்லை நான் தொட்டதே இல்ல. இவளே பேத்து வச்சுட்டு என் மேல பழி போடுறா. சொத்து ஆசை யாரை விட்டுச்சு?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்னமோ பெட்டியெல்லாம் மாட்டுனியாமே ஆத்தா? அதுவும் காணாமப் போச்சாமே?" என்றார்.

பெட்டி வைத்ததையோ காணாமல் போனதையோ நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதை நான் எடுத்துச் சொன்னபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர்த்தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி கல்லு நகந்து, யாரு நகத்துனதுன்னு தெரியலைன்னா, கெணறு ரெண்டு வீட்டுக்கும் பொது. ஆளுக்குப் பாதி நாள் தண்ணி எறைச்சுக்கங்க."

"அப்பன்னா நகத்துனவுகளுக்குத்தான லாபம்?" என்று கேட்டேன்.

"சட்டம் பேசாத ஆத்தா. பொம்பளைப் பிள்ளை கூட்டத்துல இம்புட்டுப் பேசக் கூடாது."

கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மடை திருப்ப வருகிறவர், காய் பறிக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர் எல்லோரும் அந்த ஊர். ஊரைப் பகைத்தால் மாம்பழம் மரத்திலேயே அழுகும். வீட்டுக்கு வந்து கோபத்தில் அழுதேன். தோற்றுவிடுவேன் என்ற பயம் வேறு. ஆம், பயந்தேன்.

என் நிலைமையைப் பார்த்து, ஏழரைச் சனி ஆட்டிவைக்கிறது என்று என் கணவர் ஒரு சனிக்கிழமை என்னைக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கூட்டமான கூட்டம். படித்துறை ஓரத்தில் யாரோ ஒரு கறுப்புத் துணி முடிச்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நடக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஜனம், அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனது. இன்னொருத்தர் கழித்துவிட்ட சனி நம் காலில் ஒட்டிக்கொண்டால்? அதைத் தொடுவதற்குப் பதில் ஆற்றில் விழலாம் என்று ஒதுங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்கு வந்த இடத்தில் சிரிக்கிறேனே என்று கணவர் பதறினார். நான் நேரே கடைக்குப் போய் கறுப்புத் துணியும் எள்ளும் வாங்கினேன்.

"அதான் ஏற்கெனவே சாத்தியாச்சே, இது எதுக்கு?" என்றார்.

"இது வீட்டுக்கு" என்றேன்.

இரண்டாவது பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றினேன். கண்ணாடிக்கும், அசைவு கண்டுபிடிக்கும் குமிழுக்கும் மட்டும் கத்தரிக்கோலால் துவாரம். கீழே எள் பொட்டலம் ஒன்றைத் தொங்கவிட்டு, துணி ஓரமெல்லாம் நல்லெண்ணெய் தடவி, அதே மாமரத்தில் ஆள் உயரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டினேன். பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை.

அந்த வாரமே மடை திருப்புகிறவர் போன் செய்தார். "அம்மா, யாரோ நம்ம தோப்புல சனியக் கழிச்சு விட்டுட்டுப் போயிருக்காக. கெணத்து ஓரம், அந்த மாமரத்துல. அங்கன போயிராதீக."

"ஐயையோ, அப்படியா? யாரும் தொட்டுறாதீக. அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அண்ணன் காதுக்கும் போயிருக்கும். போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். பயந்துபோய் அவர் அந்தப் பக்கமே வராவிட்டாலும் எனக்கு லாபம்தான். கல் நின்ற இடத்தில் நிற்கும்.

ஆனால் அவருக்குக் கிணற்று ஆசை பெரிது. மாசிப் பிறப்பை ஒட்டி நான் தோப்புக்குப் போனபோது கல் மறுபடி நகர்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் முடிச்சு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மரத்தடியில் ஒரு மண் அகல், திரி கரிந்து கிடந்தது. யார் இங்கே விளக்குப் போட்டார்கள்? நான் போடவில்லையே!

மெமரி கார்டைக் கழற்றி, தேனியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பிரிண்டுகளை மேசையில் பரப்பிய பையன், "கோயில் விசேஷமா மேடம்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

பட்டப்பகல் வெளிச்சத்தில் அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வருகிறார். எள் விளக்கு ஏற்றுகிறார். கல்யாண போட்டோவில்கூட அவ்வளவு நேராக நின்றிருக்க மாட்டார், கண்ணை மூடிக் கைகூப்பி, கேமராவுக்கு முகம் முழுசாகத் தெரிய நிற்கிறார். தான் செய்யப்போகும் வேலைக்கு அனுமதி கேட்கிறார் போலிருக்கிறது. அடுத்த படத்தில் கடப்பாரை. அதற்கடுத்ததில் கல் சரிந்து கிடக்கிறது. எல்லாம் முடிந்ததும், நன்றி சொல்ல வேண்டாமா, கடப்பாரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கும்பிடு!

ஸ்டூடியோ நாற்காலியிலேயே வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இந்தத் தடவை ஊர்க்கூட்டத்தைக் கூட்டியது நான். அண்ணன் வழக்கம்போல எழுந்து, "தெய்வசத்தியமா நான் அந்தப் பக்கமே போகலை" என்றார். அவர் சத்தியம் முடியட்டும் என்று காத்திருந்து, படங்களைத் தலைவர் மடியில் வைத்தேன். கை மாறிக் கை மாறி அவை மண்டபத்தைச் சுற்றி வந்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது.

"சாமி பேரச் சொல்லி ஏமாத்திட்டா! சனீஸ்வரன வச்சு வெளையாடியிருக்கா!" என்று கத்தினார்.

அவ்வளவுதான், கூட்டம் திசை மாறியது. ஆளாளுக்குப் பேசினார்கள். "அதானே, தெய்வக் குத்தமில்லையா?" "படிச்ச புள்ளை செய்யிற காரியமா இது?" தலைவர் தொண்டையைச் செருமினார். "கல்லு விசயம் கெடக்கட்டும். நீ மொதல்ல ஒரு பரிகாரம் செஞ்சுட்டு, அந்தப் பெட்டியக் கழட்டிரு ஆத்தா. அண்ணன் தங்கச்சி, சமாதானமாப் போங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் குரல் உயரவில்லை, அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

"சாமின்னு நான் யாருகிட்டயும் சொல்லலை. என் மரத்துல, என் துணியில, என் பெட்டியக் கட்டி வச்சேன். சாமின்னு நெனச்சது அண்ணன்தான். சாமி பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சே, வெளக்கு ஏத்தி வச்சுட்டுக் கல்லைப் புடுங்குனாக. நான் பெட்டிய மறைச்சேன், அவுக தெய்வத்துக்கு முன்னாடியே திருடுனாக. இதுல குத்தம் யாருதுன்னு நீங்களே சொல்லுங்க, மாமா."

தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கும்பிடும் கையையும் கடப்பாரையையும் பார்த்தார்.

"பெட்டியக் கழட்ட மாட்டேன்" என்றேன். "கெணத்துப் பேச்சும் இன்னையோட முடிஞ்சது. யாரு நகத்துனதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க போட்ட தீர்ப்புதான்."

மறுநாள் காலை ஊரே தோப்பில் நின்றது. சர்வேயர் அளந்து, சுண்ணாம்பால் குறி போட்டுக் கொடுத்தார். பேர்த்தவனே நட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட, அண்ணன் வெயிலில் வியர்வை வழியக் குழி தோண்டிக் கல்லை நிறுத்தினார். மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போதுமா ஆத்தா?"

நான் குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கல் என் பக்கம் ஒரு விரற்கடை நின்றது.

"இல்லண்ணே. புடுங்கிட்டு மறுபடி நடுங்க" என்றேன்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடப்பாரையைக் கையில் எடுத்தார். நான் மோட்டாரைப் போடப் போனேன்.