பெட்ரோல் டின்னும் வாழையிலையும்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழையிலை விற்ற மாதேவி, ஹனூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மைசூருக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பிறந்த வீட்டுத் தோட்டத்து இலையைக் கொண்டுவந்து ஓட்டல்களுக்குப் போட ஆரம்பித்தவள், அந்தத் தொழிலிலேயே நின்றுவிட்டாள். பேச்சு குறைவு. விலையை ஒரு தடவைதான் சொல்வாள். வேண்டாமென்று நகர்ந்தவரைத் திரும்பக் கூப்பிட மாட்டாள்.

ஹனூருக்குப் பக்கத்து ஊரான கொள்ளேகாலத்தில் கோழி கூப்பிடும் நேரத்துக்கு லாரி ஏறினால், வெயில் ஏறுமுன் மார்க்கெட்டில் இறங்கிவிடலாம். அப்படி நாலு லாரிகள் வந்துகொண்டிருந்தன. நாலுக்கும் நாலு வியாபாரிகள் சொந்தக்காரர்கள். தங்கள் சரக்கோடு மாதேவி மாதிரிச் சில்லறைக்காரிகளின் கட்டுகளையும் கூலிக்கு ஏற்றி வருவார்கள். வாழைத்தார் வியாபாரி காளிதாஸின் லாரியை ஓட்டியவன் மாதேவியின் தம்பி ஜடையன். அவள் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை அது.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் கழிந்தும் பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் இருந்தது. கூப்பனுக்குக் கிடைப்பது பாதி ஓட்டத்துக்குக்கூடக் காணாது. மிச்சத்தை மார்க்கெட் பின்புறம் சைக்கிள் கடை வைத்திருந்த மாரிசாமியிடம் டின்னில் வாங்கினார்கள். கார் வைத்திருப்பவர்கள் ஓட்டாமல் மிச்சம் பிடித்த பெட்ரோல் அவரிடம் வந்து சேரும். அந்தக் கோடையில் அவர் டின் விலையை இரண்டு மடங்காக்கினார். லாரிக்காரர்கள் கட்டுக் கூலியை ஏற்றினார்கள். மாதேவி இலை விலையை ஏற்றினாள். ஓட்டல்காரர்கள் பித்தளைத் தட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

கொள்ளேகாலம் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. மைசூர் எல்லைக்குள் நுழையச் சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு நாள் காலை அங்கே இறங்கிக் காலாற நடந்த மாதேவி, வரிசை நெடுக நாலு லாரிகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடச் சரக்கு பாதிக்கு மேல் இல்லை. கடைசி லாரியில் ஒருவன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

கீரைக்காரி பசம்மாவிடம் வந்து சொன்னாள். "நாம ஆளுக்கொரு லாரில ஏறறதாலதான் நாலும் ஓடுது. எல்லாரும் ஒண்ணுல ஏறுனா மத்தது எதுக்கு ஓடப்போகுது? மாரிசாமிகிட்டப் போயி யாரு டின்னு வாங்கப்போறா?"

"காளிதாஸ் சும்மா இருப்பாரா? உன்ற தம்பியே அந்த லாரிலதான இருக்கான்?"

"இருக்கான்" என்றாள் மாதேவி.

நாலு லாரியில் பெரியது வெங்காய மண்டி பசவராஜுடையது. பெண்கள் சேர்ந்து அவரிடம் போனார்கள்.

"என்னம்மா இது! எல்லார் சரக்கும் என் லாரியிலா? வெங்காயத்து மேலே ஈர இலை வெச்சா அழுகிப் போகும், அல்லவா?"

"நடுவுல காஞ்ச சாக்கு விரிச்சுக்கறோமுங்க. உங்க வெங்காயம் நனைஞ்சா எங்களைக் கேளுங்க. கூலி மட்டும் பழைய கூலிதான் குடுப்போம்" என்றாள் மாதேவி.

பசவராஜ் தாடையைச் சொறிந்தார். பாதி லாரிக்குப் புதுக் கூலியைவிட முழு லாரிக்குப் பழைய கூலி லாபம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தலையாட்டினார். ஜடையனையும் பாதி நாள் ஓட்ட விடுங்கள் என்று மாதேவி கேட்டதற்கு மட்டும், தன்னிடம் டிரைவர் இருக்கிறான் என்று முடித்துவிட்டார்.

கூலிச் சரக்கு இல்லாமல் டின் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகவில்லை. மற்ற மூவரும் ஒவ்வொருவராக லாரியை நிறுத்தினார்கள். மிஞ்சியிருந்த தார்களைக் காளிதாஸ் மாட்டு வண்டியில் அனுப்பினார். ஜடையன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்; உள்ளே வரவில்லை.

"வேலை வாங்கிக் குடுத்ததும் நீ, புடுங்குனதும் நீ. நல்லாயிருக்குதா இது?"

"கொஞ்ச நாளு பொறுத்துக்க, ஜடையா."

"நீ பொறுத்துக்கோ. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

மறுநாள் அவன் வீட்டுக்கு மாதேவி ஒரு மூட்டை ராகி அனுப்பினாள். அது அப்படியே திரும்பி வந்தது. அவிழ்க்காத மூட்டையை மூலையில் வைத்துவிட்டு, அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

சைக்கிள் கடையின் பின்னறையில் டின்கள் சேர்ந்தன. வெயிலில் பெட்ரோல் வாடை தெருவரைக்கும் வந்தது. யாராவது பீடி பற்ற வைத்தால் தெருவே போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் சத்தம் போட்டார்கள். போலீஸ் மோப்பம் பிடித்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் மாரிசாமியே மாதேவியின் கடைக்கு வந்து, தேவையில்லாமல் ஒரு கட்டு இலை வாங்கினார்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. நாங்களும் ஒண்ணும் பண்ணலீங்களே."

"டின்னு விலையைக் கொறைச்சிட்டேன். காளிதாஸ்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு."

"அவருகிட்டயே சொல்லுங்க. எனக்கேது லாரி?"

அந்த வாரத்திலேயே விலை இன்னும் இறங்கியது. கூப்பன் விலைக்கு வரவில்லை, ஆனால் ஏறியதில் முக்கால்வாசி இறங்கிவிட்டது. காளிதாஸ் பழைய கூலிக்கே ஏற்றுகிறேன் என்று லாரியை எடுத்தார். ஜடையன் மறுபடி ஓட்ட வந்தான். இரண்டு லாரி போதும், அதற்கு மேல் ஏறக்கூடாது என்று பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். மழைக்காலம் வரைக்கும் அது நின்றது. வெங்காயம் குவிந்ததும் மறுபடி நாலும் ஓடின. டின் விலை மெல்ல ஏறியது. மாதேவி திரும்பவும் சொல்லிப் பார்த்தாள். பாதிப் பேர்தான் கேட்டார்கள், விலையும் பாதிதான் இறங்கியது. பின்னால் கூப்பனையே எடுத்துவிட்டார்கள். மாரிசாமி பஞ்சர் ஒட்டிப் பிழைத்தார்.

ஜடையன் நெடுநாள் அவளோடு பேசவில்லை. அவள் கட்டுகளை ஏற்றுவான், இறக்குவான், முகத்தைப் பார்க்க மாட்டான். அவன் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது மாதேவி கூப்பிடாமலே போய், பந்திக்கு இலை போட்டாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் மாதேவி. "சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

அவன் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, அவளுக்கும் சேர்த்து ஓர் இலை போடச் சொன்னான்.