யாராவது ஒரு ஆள்

அழைப்பு அவருக்கு வந்தது. மூட்டை கட்டுகிற வேலை எனக்கு வந்தது. உபதேசியாரைக் கட்டிக்கொண்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். சொல்லாவிட்டால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தம்.

ஐம்பதுகளின் நடுவில் சபை எங்களை ராயக்கோட்டைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கொண்டுபோய் இறக்கியது. ஓடு வேய்ந்த மண்சுவர் ஜெப வீடு, அதன் பின்பக்கம் ஒட்டினாற்போல் எங்களுக்கு ஓர் அறை, முன்னால் ஒரு புங்கமரம். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் கோயில் மணி. ஊரில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம், எங்களோடு சண்டை என்று வந்தால் மட்டும் எல்லோரும் தமிழ். என் கணவரை ஐயகாரு என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஜெபத்துக்குத்தான் வரமாட்டார்கள்.

ஞானஸ்நானம் எடுத்த குடும்பங்கள் மூன்று இருந்தன. முதல் வருஷம் தினமும் வந்தார்கள், தொண்டை கிழியப் பாடினார்கள். பிறகு ஒரு குடும்பம் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. மற்ற இரண்டு வீட்டாருக்கும் வரப்புத் தகராறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள். மற்ற நாட்களில் ஒரு ஈ காக்கை கிடையாது. இவரோ பொழுது சாய்ந்ததும் தண்டவாளத்தை அடிப்பார், பாயை விரிப்பார், விளக்கை ஏற்றுவார், வெறும் பாய்க்கு முழுப் பிரசங்கம் பண்ணுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செவுத்துக்கா பிரசங்கம் பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆளு வந்தா நடத்துன்னு எனக்குச் சொல்லலியே புள்ள. நடத்துன்னுதான் சொன்னாங்க," என்றார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அன்றிலிருந்து நான் சாயங்கால ஜெபத்துக்குப் போவதை நிறுத்தினேன். அவர் பாடுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக உருட்டுவேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் பெங்களூரில் ஃபாக்டரி வேலையில் இருந்த என் அண்ணன் வந்தான். காக்கிச் சட்டை, உடம்பெல்லாம் மெஷின் எண்ணெய் வாசனை.

"மாப்ளே, எங்க ஸ்டோர்ல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு எடுக்கறாங்க. சூப்பர்வைசருகிட்ட சொல்லி வெச்சிட்டேன். வியாழக்கெழமை வந்து ஃபாக்டரி கேட்டாண்ட நின்னா போதும். குவார்ட்டர்ஸ் இருக்கு, குழாய்ல தண்ணி வருது."

குழாயில் தண்ணீர்! ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்திச் சேந்திக் கை காய்த்துப் போனவள் நான். என் மனசு அப்போதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"ஆண்டவர் சித்தம் தெரியட்டும் மச்சான்," என்றார் இவர்.

"அவரு சித்தம் தெரியறதுக்குள்ள கேட்டைச் சாத்திடுவான் மாப்ளே!" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டான்.

அதன்பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்குவேன், எடுப்பேன், மறுபடி அடுக்குவேன். இவர் முழங்காலில் நின்றார், எழுந்தார், கூரையைப் பார்த்தார். புதன்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இன்னா சொன்னாரு உங்க ஆண்டவரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல." திறந்து கிடந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீ சொல்லு புள்ள. போலாம்னு நீ சொன்னா போலாம். உன்னை இங்க போட்டு வதைக்க எனக்கு மனசு வரல," என்றார்.

போகலாம் என்ற ஒரு வார்த்தைதான். வாய் வரவில்லை. அவருக்கு வந்த அழைப்பை என் வாயால் முடித்து வைப்பதா? ஐயோ, பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாரே இந்த மனுஷர் என்று ஆத்திரம்தான் வந்தது. சரி, மேலிடத்திலேயே கேட்டுவிடுவோம் என்று அன்று சாயங்காலம் அடுப்பு முன்னால் நின்று சொன்னேன். "இன்னிக்கு ஜெபத்துக்கு யாராவது ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வந்தா இங்கயே கெடக்கறோம். வரலன்னா விடிஞ்சதும் மொத பஸ்."

அன்று சந்தை நாள். ஊரே ராயக்கோட்டையில் இருந்தது. வானமும் கறுத்திருந்தது. தெரிந்தேதான் கேட்டேன்.

தண்டவாளம் ஒலித்தது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. களியைக் கிண்டுவதும் வாசலுக்கு ஓடிப் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் வந்தான். துடுப்பும் கையுமாக அப்படியே நின்றேன். ஜெப வீட்டுப் பக்கம் திரும்பினான், புங்கமரத்தடியில் ஒதுங்கியிருந்த ஆட்டை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டான். உள்ளே இவர் தனியாகப் பாடினார். பாட்டு முடிந்தது. ஒருவரும் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! அடுப்பை அணைக்கவில்லை, கையில் இருந்த துடுப்பைக் கீழே வைக்கவில்லை. மழையில் சுற்றிக்கொண்டு ஓடி, போலாங்க என்று சொல்ல ஜெப வீட்டுக்குள் கால் வைத்தேன்.

அவர் கண்ணை மூடி முழங்காலில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே, "வாங்க, உக்காருங்க," என்று தெலுங்கில் சொன்னார். ஊர்க்காரர் யாரோ என்று நினைத்துவிட்டார். குரல் உடைந்திருந்தது. இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததில் எனக்கு அது தெரியாமலே போயிற்று. பிறகு கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார். முகம் வாடிப்போகும் என்று நினைத்தேன். வாடவில்லை.

"நீயா? வா, வா. ஒரு ஆளு வந்தாச்சு," என்று பாயை என் பக்கம் நகர்த்திவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் ஜெபத்துக்கு வரவில்லை ஆண்டவரே, பெட்டி கட்டலாம் என்று சொல்ல வந்தேன், என்னைச் சேர்க்காதேயும் என்று உள்ளுக்குள் மல்லுக்கு நின்றேன். ஆனால் யாராவது என்றுதானே கேட்டிருந்தேன். என்னைத் தவிர என்று சொல்லவில்லையே.

உட்கார்ந்தேன். மடியில் துடுப்பு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழுப் பிரசங்கமும் எனக்கு ஒருத்திக்கு நடந்தது. பின்னால் களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. எழுந்து போகவில்லை.

வியாழக்கிழமை வந்தது, போயிற்று. அன்று சாயங்காலம் அவர் தண்டவாளத்தை அடிக்கும் முன்பே போய்ப் பாயை நான் விரித்தேன். மனசாரச் செய்தேன் என்று சொன்னால் ஆண்டவரே சிரிப்பார். கோபத்தோடுதான் விரித்தேன்.