மாமா கொடுத்த பூட்டு

ராஜபாளையத்தில் மாமா கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். அச்சுக் கோக்கும் வேலை அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. அத்தையின் நகையை விற்று, தமிழ் எழுத்துகள் அடங்கிய மென்பொருள் ஒன்றை வாங்கினார். அதனுடன் விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பூட்டு வந்தது. அதைக் கம்ப்யூட்டரின் பின்புறம் செருகினால்தான் எழுத்துகள் திரையில் வரும். கடை அடைத்ததும் மாமா அதைக் கழற்றி வந்து சாமி படத்துக்குக் கீழே வைப்பார். முழுப்பரீட்சை விடுமுறைக்குப் போயிருந்த நான் அதைத் தொடக்கூடாது.

"நம்ம எழுத்து வேற எவன் கம்ப்யூட்டர்லயும் தொறக்காது. ஒருக்க வந்தவன் எங்கிட்டுப் போவான்?" என்பார் மாமா.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரர், கேட்டவர்க்கெல்லாம் தன் எழுத்துகளை ஃப்ளாப்பியில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். "அவிய கடைய தர்மசத்திரமாக்கிட்டாவ" என்று அத்தை சிரிப்பார். காரணம் தெரியாமலே நானும் சிரிப்பேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தனித்தனியே பத்திரிகை அடிக்கும். இரண்டிலும் உறவினர் பெயர்கள் பிசகக்கூடாது. பிசகினால் பந்தியில் சண்டை. அதனால் ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்திக்குக் கொடுக்க, அடித்த பெயர்களை ஃப்ளாப்பியில் கேட்டார்.

"அங்க தொறக்காதுங்க. அவியளையும் இங்கயே அடிக்கச் சொல்லுங்க" என்றார் மாமா.

"பொண்ணு வீட்டுக்கு நான் உத்தரவு போடவா? நல்லாருக்குவே! சரி, அவிய ஃப்ளாப்பி தந்தா இங்க தொறக்குமா?"

"தொறக்காதுங்க."

"பொறவு இங்க எனக்கு என்னவே வேலை?"

இரண்டு பத்திரிகைகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சாயின. அடுத்தடுத்த முகூர்த்தங்களிலும் அப்படியே நடந்தது. ராஜபாளையத்தின் மற்ற கடைகளும் அந்த எழுத்துகளுக்கே மாறின. வேலை குவிந்தால் ஒருவருக்கொருவர் ஃப்ளாப்பியைக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். மாமாவிடம் மட்டும் யாரும் எதையும் கொடுக்க முடியவில்லை.

மறு விடுமுறைக்குப் போனபோது கடைக்குப் பத்திரிகை அடிக்க யாரும் வரவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் படம் வரைய விட்டார் மாமா. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் நாளில் ஒரு வண்டி வந்து கம்ப்யூட்டரை ஏற்றிப் போனது. மாமா பூட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"வச்சு வெளையாடு தாயி."

அத்தை உள்ளே எழுந்து போய்விட்டார். நான் பூட்டில் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். யாரையும் தொடவிடாத பொருளை எனக்கே கொடுத்துவிட்டார், மாமாவுக்கு என் மேல் அவ்வளவு உயிர் என்று பார்த்த பிள்ளைகளிடமெல்லாம் கத்திச் சொன்னேன். மாமா வாசலில்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.